ரோட்டோர மண்கரையில் ஒரு கிளடோனியா

மலைநாட்டில் இலைக்கன் (ஆங்கிலத்தில் லைக்கன்; பங்கசும் அல்காவும் சேர்ந்து வாழும் உயிர்) பார்க்கப் போகிறவர்கள் அண்ணாந்தபடியே நடப்பார்கள். அதில் பிழையில்லை. நுவரெலியா, ஹக்கலை, ஹோட்டன் சமவெளிப் பக்கம் மரக்கொம்புகளில் தாடி தாடியாகத் தொங்கும் உஸ்னியாவை யாரும் தவறவிட முடியாது. தேயிலைச் செடியின் பழைய தண்டில் படரும் சாம்பல் தகடுகளும், நிழல் மரத்துப் பட்டையில் வட்டம் வட்டமாக ஒட்டியிருக்கும் வெள்ளைப் படைகளும் அப்படித்தான். மண்ணில் வாழும் இலைக்கனை மட்டும் ஒருவரும் கண்டுகொள்வதில்லை. பாசி என்று சொல்லிச் செருப்பால் தேய்த்துவிட்டுப் போய்விடுகிறோம்.

எனக்கு அதுதான் பிடிக்கும். முதற்காரணம் சோம்பல்: மரம் ஏற வேண்டாம், கழுத்து வலிக்காது, உட்கார்ந்த இடத்திலேயே வேலை முடியும். அடுத்த காரணம் கொஞ்சம் பெரியது. மண்ணில் வாழும் இலைக்கனைத் தேடப்போனால், இந்த மலையை யார் எங்கே எப்போது வெட்டினார்கள் என்ற கதையும் கூடவே வந்துவிடுகிறது.

நான் சொல்வது ஹப்புத்தளைக்குத் தெற்கே மலை விழுந்தடித்துக் கீழே இறங்குகிற பக்கத்தை. ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலே குளிரில் நிற்கிறது. அங்கிருந்து ஹல்துமுல்லை, கொஸ்லந்தை என்று இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாம். இலங்கையின் மலைக்காடு என்றால் வருடம் முழுக்கப் பச்சை என்பதுதான் பொதுவான எண்ணம். உயரமான, ஈரமான பக்கத்துக்கு அது சரி. ஊவாவின் கீழ்ச்சரிவு வேறு மாதிரி. மழை ஓய்ந்து வெயில் ஏறும் மாதங்களில் இங்கே பல மரங்கள் இலையைக் கொட்டிவிடும். நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை, சிங்களத்தில் கஹட்ட என்கிற மரம் எல்லாம் அந்த ரகம். கஹட்ட இலை உதிரும் முன் சிவந்து பார்க்க அழகாக இருக்கும். இடையிடையே மானாப்புல். வருடா வருடம் யாராவது அதற்குத் தீ வைப்பார்கள். தடித்த பட்டையுள்ள மரங்கள் மட்டும் கரியோடு தப்பித்து நிற்கும்.

இப்படிப்பட்ட இலையுதிர் காட்டுக்குள் போய்த் தரையில் இலைக்கன் தேடினால் ஏமாற்றம்தான். காலடியில் சலசலவென்று சருகு. இலைக்கனுக்கு வேர் கிடையாது. அது வெளிச்சத்தையும் காற்று ஈரத்தையும் நம்பி வாழ்கிறது. உடலைக் கட்டுவது பங்கசு, அதாவது பூஞ்சை; அதற்குள் இருக்கும் அல்கா என்ற நுண்பச்சை உயிர் ஒளித்தொகுப்புச் செய்து இரண்டு பேருக்கும் சாப்பாடு தேடுகிறது. மேலே நான்கு விரற்கடை சருகு விழுந்தால் அல்காவுக்கு வெளிச்சம் போய்விடும், கதை முடிந்தது. அதிலும் வளர்ச்சி வருடத்துக்குச் சில மில்லிமீற்றர்தான். விழுகிற இலையோடு போட்டி போட முடியாது. ஆகவே காட்டுத்தரையில் அது சருகு தங்காத இடங்களைத்தான் பிடித்துக்கொள்கிறது: பாறை விளிம்பு, பழைய புற்று, விழுந்த மரம் வேரோடு பெயர்த்துவைத்த மண். எல்லாவற்றையும்விட நல்ல இடம் ஒன்று உண்டு. மலையை வெட்டிப் பாதை போட்ட இடத்தில் செங்குத்தாக நிற்கும் மண்கரை. அதில் சருகு நிற்காது, புல்லும் எளிதில் பிடிக்காது. மண் சிவந்து, புளித்து, சத்தில்லாமல் கிடக்கும். பயிருக்கு ஆகாத அந்த மண்தான் இலைக்கனுக்கு வேண்டும்.

அந்தக் கரைகளை யார் வெட்டியது? 1830களுக்குப் பிறகு கோப்பிக்காகவும், பிறகு தேயிலைக்காகவும் தமிழ்நாட்டிலிருந்து நடத்திக் கூட்டிவரப்பட்ட நம்முடைய ஆட்கள். ரோடு, குறுக்குப்பாதை, வடிகான், தொழிலாளர் குடியிருப்பு லயத்துக்கு மட்டப்படுத்திய மேடு, எல்லாம் மம்பட்டி வேலை. இந்த மலையில் இலைக்கனுக்கு வசதியான வெற்று மண்ணில் பெரும்பங்கு அந்த மம்பட்டிகள் திறந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். தாவரவியல் புத்தகங்கள் வாழிடம் என்ற இடத்தில் பாதையோர மண்கரை என்று இரண்டு சொல்லில் முடித்துவிடும். அந்தப் பாதையை வெட்டியவர்களின் பேரன் பேத்திகளுக்கு அது அவ்வளவு சுருக்கமான விஷயமில்லை.

நான் பார்க்கப்போன கரை, தோட்டத்தின் கடைசித் தேயிலைக்கும் காட்டு விளிம்புக்கும் நடுவில் போகும் ஒரு வண்டிப்பாதையில் இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற சித்தப்பா கூட வந்தார். அட்டை கடிக்கும், வழி தெரியாது, நாய் துரத்தும் என்று மூன்று காரணம் சொன்னார். உண்மையில் வீட்டில் உட்கார்ந்திருக்க அவரால் முடியாது.

ஆள் உயரக் கரை. வடக்கே பார்த்தது; காலை பத்து மணிக்குக்கூட ஒரு பகுதியில் ஈரம். கீழ்ப்பகுதியில் பச்சைப் படலம், நடுவில் பாசியும் ஈரலுருத் தாவரங்களும், மேலே தொப்பியாகத் துருத்திக்கொண்டிருந்த மானாப்புல் வேர்க்கட்டு. நடுப்பகுதியில், மழை நேராக அடிக்காமல் ஈரம் மட்டும் எட்டுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் கலந்த பச்சையில் ஒரு திட்டு. எழுந்து நின்று பார்த்தால் பூஞ்சணம் பிடித்த மண். முழங்காலில் நின்று பத்து மடங்கு கைவில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்தால் அது ஒரு தோப்பு.

அடியில் செதில்கள். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான், விளிம்பு பிளவுபட்டு மேலே மடங்கியிருக்கும். மேல்பக்கம் சாம்பல் பச்சை, புரட்டினால் கீழ்ப்பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கும். கீழே தோல் கிடையாது. பங்கசின் இழைகள் அப்படியே தெரியும். இந்தச் செதில்களுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து வருகின்றன தண்டுகள். ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம், சில நேராக, சில நுனியில் லேசாக வளைந்து. தண்டின் கீழ்ப்பாதி வழவழப்பாக இருந்தது. மேல்பாதியில் தோல் உரிந்து மெல்லிய தூள் பூத்திருந்தது. அந்தத் தூளுக்குப் பெயர் சொரீடியா. ஒவ்வொரு துகளிலும் கொஞ்சம் பங்கசு இழை, கொஞ்சம் அல்கா. காற்றோ மழைத்துளியோ எறும்போ எடுத்துக்கொண்டு போய்ப் போட்டால், இரண்டு பேரும் சேர்ந்தே புது இடத்தில் குடியேறலாம். வித்தி (ஸ்போர்) வழியாகப் போனால் பங்கசு மட்டும் போகும். போன இடத்தில் தனக்குப் பொருத்தமான அல்காவைத் தேட வேண்டும்.

நல்லது. செதிலும் அதிலிருந்து எழும் தண்டும் சேர்ந்து இருந்தால் கிளடோனியா என்ற பேரினம் மனதுக்கு வரும். ஆனால் வந்த பெயரை உடனே ஒட்டிவிடக் கூடாது, மற்றவற்றைக் கழித்துப் பார்க்க வேண்டும். பாசியா? பாசிக்கு இலை இருக்கும், எவ்வளவு சின்னதானாலும் வில்லையில் தெரியும். இங்கே இலை இல்லை. ஈரலுருத் தாவரம் தட்டையாகப் படரும், சாம்பல் நிறத் தூள் விடாது. செம்மஞ்சளாகச் சுவரிலும் கரையிலும் படியுமே, அது ட்ரென்டிபோலியா என்ற அல்கா, தண்டு விடாது. (அதன் உறவுக்காரனான செபலியூரோஸ்தான் தேயிலையில் செந்துரு நோயைக் கொண்டுவருவது. தோட்டத்து ஆட்களுக்கு அதைத் தெரிந்திருக்கும்.) களிமண் கரையில் அல்காப் படலத்துக்கு மேல் சின்னச் சின்ன மென்மையான கூம்புகள் விடும் மல்டிகிளாவுலா என்று ஒன்றும் உண்டு. அதுவும் இலைக்கன்தான், ஆனால் அதன் பங்கசு காளான் குடும்பத்துப் பக்கம். அது மழையில் வந்து வெயிலில் சுருண்டுவிடும், சாம்பல் செதில் கிடையாது. மிஞ்சுவது ஸ்டீரியோகோலன். அதற்கும் நிமிர்ந்த தண்டு உண்டு. வித்தியாசம் பார்க்க ஒரு தண்டை நகத்தால் குறுக்கே ஒடித்தால் போதும். ஸ்டீரியோகோலன் உள்ளே நிறைந்திருக்கும். என் கையிலிருந்தது ஒடிந்த இடத்தில் குழல், உள்ளே வெறுமை. கிளடோனியாவேதான்.

பேரினம் வரைக்கும் இப்படி வந்துவிடலாம், அரை மணி நேரம் போதும். அதற்கப்புறம்தான் வழி குறுகுகிறது. உலகம் முழுக்கக் கிளடோனியாவில் நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள். நுனியில் கிண்ணம் உண்டா இல்லையா? கிளை விடுகிறதா? தூள் மா மாதிரி நைசா, குருணையா? தண்டிலும் செதில் ஒட்டியிருக்கிறதா? முக்கியமாக, வித்தி உண்டாகும் கனியுடல் என்ன நிறம்? கிளடோனியாவில் கனியுடல் பெரும்பாலும் கபிலம் அல்லது இரத்தச் சிவப்பு. அந்த ஒரு நிறமே பல இனங்களைக் கழித்துவிடும். என் திட்டில் இருபது முப்பது தண்டுகளைப் பார்த்தபிறகு நாலைந்தின் நுனியில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாகக் கபில நிறக் குமிழ் கிடைத்தது. கிண்ணம் என்று சொல்லக்கூடியது ஒன்றிரண்டில் மட்டும், அதுவும் ஒழுங்கில்லாமல்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இலைக்கன் காய்ந்திருக்கும்போது ஒரு நிறம், நனைந்தால் வேறு. தண்ணீர் பட்ட சில நிமிடத்தில் மேல்தோல் தெளிந்து உள்ளேயிருக்கும் அல்காவின் பச்சை வெளியே தெரியும். சாம்பல் என்று எழுதினவரும் பச்சை என்று எழுதினவரும் ஒரே பொருளைப் பார்த்திருக்கலாம். அதனால் காய்ந்தபோது ஒரு படம், போத்தல் தண்ணீர் தெளித்து ஒரு படம், இரண்டிலும் பக்கத்தில் ஒரு தீக்குச்சி. அளவு காட்டும் பொருள் இல்லாத இலைக்கன் படம் அழகுக்கு உதவும், அடையாளம் காண உதவாது.

சித்தப்பா இதற்குள் கரையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது நான் பேர் பதிஞ்ச புதுசுல வெட்டுனது. லொறி திரும்பணும்னு அகலமாக்குனாங்க" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பெரிய உதவி. இலைக்கனின் வயதை வெறுமனே பார்த்துச் சொல்வது கடினம். கரையின் வயது தெரிந்தால் அதற்குமேல் வயது இருக்க முடியாது என்றாவது சொல்லலாம். "வெட்டுன கரைக்கு மொதல்ல பச்சை வரும். அப்புறம் பாசி. இந்தச் சாம்பல் கலர் கடைசியாத்தான் வரும், அதுவும் யாரும் கை வைக்காத கரையிலதான்" என்றார். கவ்வாத்துக்குப் பிறகு தேயிலைத் தண்டில் பாசியும் இலைக்கனும் சுரண்டி எடுக்கும் வேலையைப் பல வருடம் பார்த்தவர். எது லேசாக உரியும், எது கம்பி போட்டுத் தேய்த்தாலும் போகாது என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். வாழிடம் என்ற தலைப்பின் கீழ் நான் எழுதியதில் பாதி அவர் சொன்னதுதான்.

அடுத்தது மருந்து வைப்பது. இலைக்கன்கள் தமக்கென்று சில அமிலங்களைச் செய்து வைத்திருக்கும், நூற்றுக்கணக்கில், பெரும்பாலும் வேறு எந்த உயிரிலும் காணாதவை. எந்த அமிலம் இருக்கிறது என்று கண்டால் இனம் நெருங்கிவரும். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதே, அதே மாதிரி இந்த அமிலங்களும் சில இரசாயனங்கள் பட்டால் நிறம் மாறும். பள்ளிக்கூடத்தில் பார்த்த பாசிச்சாயத் தாளின் சாயமும் முதலில் இலைக்கனிலிருந்து எடுத்ததுதான். பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் வைத்துப் பார்ப்பது கே சோதனை, வெளுப்பான் திரவம் வைத்துப் பார்ப்பது சீ சோதனை. இந்த இரண்டையும் 1866இல் அறிமுகப்படுத்தியவர் பின்லாந்துக்காரரான வில்லியம் நைலாண்டர். அதே வருடம் பாரிசின் லக்சம்பேர்க் பூங்காவில் இலைக்கன்களைக் கணக்கெடுத்து, காற்றின் சுத்தத்தை இவை காட்டிக்கொடுக்கும் என்று எழுதியவரும் அவர்தான்.

அந்த நைலாண்டரிடம் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. 1867இல் சுவிட்சர்லாந்துக்காரர் சைமன் ஷ்வெண்டனர், இலைக்கன் தனி உயிரல்ல, பங்கசும் அல்காவும் சேர்ந்தது என்று சொன்னபோது, மிகக் கடுமையாக எதிர்த்தவர்களில் நைலாண்டர் முதல் வரிசை. சாகும்வரை ஒப்புக்கொள்ளவில்லை. எந்தத் துளி வைத்தால் எந்த நிறம் வரும் என்று அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண், அதற்குள் இரண்டு பேர் இருப்பதை மட்டும் பார்க்க மறுத்துவிட்டது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, சில இலைக்கன்களின் தோலில் மூன்றாவதாக ஒரு மதுவப் (ஈஸ்ட்) பங்கசும் இருப்பதைக் காட்டியது. பாவம், மனுஷன் இப்போது இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

கடையில் ஆய்வுகூடத்துப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு வாங்க எனக்கு வழியில்லை. கோஸ்டிக் சோடா அதே வேலையைச் செய்யும். பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது. தோலில் பட்டால் வெந்துவிடும், கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் தொடவே வேண்டாம். வெளுப்பான் புதிதாக இருக்க வேண்டும், பழசு வேலை செய்யாது. இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பாமல் தனித்தனிக் குப்பி. தண்டிலிருந்து ஒரு சிறு துண்டை வெள்ளைத் தாளில் வைத்து, ஈர்க்கு நுனியில் ஒரு பொட்டு எடுத்து வைத்து, வில்லையால் பார்க்க வேண்டும். சில நிறங்கள் வந்த வேகத்தில் போய்விடும்.

"என்னடா, பாசிக்குப் பொட்டு வைக்கிறியா?" என்றார் சித்தப்பா.

"ஆமா சித்தப்பா. மஞ்சளாகுதா பாருங்க, எனக்குக் கண் கூசுது."

மஞ்சளாகவில்லை. கே வைத்த இடம் சற்று நேரத்தில் அழுக்குக் கபிலமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். சீ வைத்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கள்ளநோட்டுப் பார்க்கும் கழியூதா டோர்ச்சைச் சட்டைக்குள் இருட்டாக்கி அடித்துப் பார்த்தேன். ஸ்குவாமாட்டிக் அமிலம் இருந்தால் நீலவெள்ளையாக ஒளிரும். ஒளிரவில்லை. கபிலக் கனியுடல், கே இல்லை, சீ இல்லை, ஒளிர்வும் இல்லை என்றால் பெரும்பாலும் பியூமார்புரோட்டோசெட்ராரிக் அமிலம் உள்ள கூட்டம். அதை உறுதி செய்ய பீ சோதனை வேண்டும், சிவக்கும். ஆனால் அதற்கான பராபெனிலீன்டையமீன் நச்சு, வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருளல்ல. அதை ஆய்வுகூடத்துக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

இந்தக் கூட்டத்துக்குள் இனத்தைப் பிரிப்பது பெரிய தலைவலி. வெப்பமண்டலம் முழுக்கப் பரவிய சப்ரேடியாட்டா என்ற இனம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: தூள் பூத்த தண்டு, ஒழுங்கற்ற நுனி, கபிலக் கனியுடல். ஆனால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் இன்னும் சில இனங்களும் உண்டு. மெல்லிய படலத்தில் அமிலங்களைப் பிரித்துப் பார்க்கும் நிறப்பகுப்பும், பல சமயம் டீஎன்ஏயும் இல்லாமல் கிளடோனியாவில் சத்தியம் செய்ய முடியாது. இணையத்தில் ஒரு படத்தைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் இனப்பெயர் சொல்லிவிடுகிறார்கள். கைத்தொலைபேசிச் செயலியும் சொல்கிறது, அதுவும் ஐரோப்பிய இனத்தின் பெயரை. ஒரு பொட்டும் வைக்காமல், புரட்டியும் பார்க்காமல் வரும் அந்தப் பெயரைவிட, கிளடோனியா என்று மட்டும் எழுதி நிறுத்துவது எனக்கு நிறைவாக இருக்கிறது.

இந்த நாட்டு இலைக்கன்களுக்குப் பெயர் வைத்த கதையும் சுற்றிச் சுற்றித்தான் வந்திருக்கிறது. பேராதனைப் பூங்காவை 1849 முதல் 1880 வரை பார்த்துக்கொண்ட ஜோர்ஜ் த்வெயிட்ஸ் தீவெங்கும் செடிகளோடு இலைக்கன்களையும் சேர்த்தார். அவற்றை ஆராய்ந்து 1870 வாக்கில் பட்டியலாக வெளியிட்டவர் இங்கிலாந்திலிருந்த லெய்ட்டன் என்ற பாதிரியார். மடுல்சீமையில் 1869இல் கோப்பி இலையில் துரு கண்டபோது, அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பியவரும் த்வெயிட்ஸ்தான். கோப்பியை அழித்து இந்த மலைகளைத் தேயிலைக்கு மாற்றியது அந்தப் பங்கசு. 1879இல் வேகா என்ற கப்பல் வடதுருவக் கடலைச் சுற்றி முடித்து இலங்கையில் தங்கிப் போனபோது, அதிலிருந்த அல்ம்குவிஸ்ட் என்பவரும் இங்கே இலைக்கன் சேகரித்தார். அவை நைலாண்டரிடம் போய்ச் சேர்ந்து, அவர் இறந்த பிறகு 1900இல் கட்டுரையாக வந்தது. எல்லா மாதிரியும் கப்பலேறிப் போன காலம் அது. நம் காலத்தில் கோதமி வீரக்கோன் போன்றவர்கள் இலங்கையிலிருந்து பல புது இனங்களை விவரித்திருக்கிறார்கள். மரப்பட்டையில் ஓடாக ஒட்டி வாழ்பவைதான் அவற்றில் அதிகம். மண்கரைக்கு இன்னும் ஆள் தேவை.

சேகரிப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தேசியப் பூங்காவிலோ ஒதுக்கக் காட்டிலோ அனுமதியில்லாமல் ஒரு செதிலைக்கூட எடுக்கக் கூடாது; 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் காட்டுச் சட்டமும் அதற்காகத்தான் இருக்கின்றன. அங்கே படம் மட்டும். என் கரை தோட்டத்துப் பக்கம், அனுமதி கேட்டுக்கொண்டேன். எடுத்ததும் பெருவிரல் நகம் அளவுதான், திட்டின் ஓரத்திலிருந்து. மண் இலைக்கனை மண்ணோடு சேர்த்து மெல்லிய தகடாகப் பெயர்க்க வேண்டும். தனியே இழுத்தால் செதில் ஒரு பக்கம் தண்டு ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கடதாசி மடிப்புத்தான் சரி, நிழலில் உலர வைத்தால் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும்.

மண் இலைக்கன் மண்ணரிப்பைத் தடுக்கிறது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். ஓரளவு உண்மை. மேல்மண்ணைச் சில மில்லிமீற்றர் ஆழத்துக்கு இழைகளால் கட்டி வைக்கும், மழைத்துளி நேரே மண்ணில் அடிப்பதைத் தணிக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. இதே கொஸ்லந்தையில் மீரியாபெத்தைத் தோட்டத்து லயங்கள் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண்ணுக்குள் போயின. அந்த மலை அசைந்தது மேல்தோலில் அல்ல, உள்ளே. இலைக்கன் படர்ந்த கரை உறுதியான கரை என்று யாராவது நம்பிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

திரும்பும்போது, அதே கரையில் பத்தடி தள்ளி, உக்கிப்போன ஒரு மரவேரும் மண்ணும் கலந்த இடத்தில் இன்னொரு திட்டு. முதல் பார்வைக்கு அதே செதில், அதே தண்டு, அதே தூள். கனியுடல் எதுவும் இல்லை. சித்தப்பாவுக்குப் பசி. "அதத்தான் பாத்தாச்சே, வா" என்றார். குப்பி கையிலேயே இருந்ததால் ஒரு பொட்டு வைத்தேன். வைத்த கணமே நல்ல மஞ்சள். மங்கல் மஞ்சளாக இருந்தால் அட்ரனோரின் என்ற இலைக்கன் பொருள் என்று நினைக்கலாம். இது அழுத்தமான மஞ்சள், தாம்னோலிக் அமிலம் கொடுக்கும் நிறம். டோர்ச்சுக்கு ஒளிரவில்லை, அதுவும் பொருந்தியது. தூள் பூத்த ஒல்லித் தண்டு, உக்கல் மரத்தின் சார்பு, கே வைத்தால் கடும் மஞ்சள் என்றால் அது மசிலெண்டா என்ற இனமும் அதன் சொந்தங்களும் உள்ள கூட்டத்துக்கு இழுக்கிறது. அந்தக் கூட்டத்துக் கனியுடல் சிவப்பு. அப்படியானால் இங்கே எங்காவது ஒரு சிவப்புத் தலை இருக்க வேண்டுமே என்று வேரின் அடிப்பக்கம் வரை தேடினேன். சித்தப்பாவும் முணுமுணுத்துக்கொண்டே குனிந்தார். கண்டெடுத்தது அவர்தான், வேரின் நிழல் விழுந்த பக்கத்தில், ஒரே தண்டில், குங்குமச் சிவப்பில்.

இரண்டு மடிப்புகளிலும் பென்சிலால் எழுதினேன். பேனா மை ஈரத்தில் பரவிவிடும். முதலாவதில்: கிளடோனியா, செம்மண் கரை, வடக்கு முகம், கபிலக் கனியுடல், கே இல்லை, சீ இல்லை. இரண்டாவதில்: கிளடோனியா, மசிலெண்டா கூட்டம், உக்கிய வேரும் மண்ணும், சிவப்புக் கனியுடல், கே மஞ்சள். கண்டவர் என்ற இடத்தில் சித்தப்பாவின் பெயரைப் போட்டேன். தன் பெயரை இங்கிலீசில் எழுதினால்தான் பெரிய ஆட்கள் படிப்பார்கள் என்றார். தமிழிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.